உன் அத்தை தாமதித்த நூற்றுப் பதினோரு நாள்

மகனே,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன். போன வாரம் மட்டும் நாலு தடவை போன் பண்ணி, நீ வைத்துவிட்டுப் போன பேப்பரில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டாய். நாலு தடவையும் மூட்டு வலி, கண் மங்கல் என்று ஏதோ சொல்லி நழுவினேன். போனில் பேசினால் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் உனக்கு இன்னொரு கால் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். இந்த ஆண்டர்சன்பேட்டை வீடு யாருக்கு என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் உன் எஸ்தர் அத்தையின் கேஸை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், நீயும் அதில் இருக்கிறாய், இருந்தாலும் உட்கார்ந்து படி. முப்பத்து நாலு வருஷம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். அடுத்தவன் வியர்வை சிந்திச் செய்த பாகத்தை மைக்ரோமீட்டரில் பிடித்து, மயிரிழை அதிகம் என்று சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தள்ளினவன். அந்தக் கண்ணால் இன்றைக்கு உன்னையும் பார்க்கிறேன், என்னையும் பார்க்கிறேன். இரண்டும் தேறவில்லை.

வீட்டைக் கட்டியவர் உன் தாத்தா. தங்கச் சுரங்கத்தில் மூன்று ஷிஃப்டும் மாறி மாறி கேஜ் கூண்டில் இறங்கி ஏறியவர். கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் பிறந்த பிள்ளைகள் சொந்த வீட்டிலாவது சாகட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கட்டினார். உயில் எதுவும் எழுதவில்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர அவருக்கு வேறு பிள்ளைகளும் இல்லை. நம் கிறிஸ்தவர்களுக்கு உள்ள சட்டப்படி அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. எஸ்தரைக் கட்டியவன் இரண்டு வருஷத்தில் அவளை விட்டுவிட்டுப் போனான். அவள் திரும்பி வந்து பின்பக்கத்து இரண்டு அறையில் இருந்துகொண்டு நர்சரிப் பள்ளியில் டீச்சராகப் போனாள். உன் அம்மா செத்தபோது உனக்கு ஆறு வயது. அதற்கப்புறம் உனக்குத் தலை வாரியதும், காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்ததும், நீ பெங்களூர் வேலைக்குப் போன ஆறு வருஷமும் விடிவதற்கு முன்னால் எழுந்து மாரிகுப்பம் ரயிலுக்கு டிபன் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் உன் மனம் இளகட்டும் என்று எழுதவில்லை, உன் மனம் இளகாது என்று எனக்குத் தெரியும். யாருக்கு என்ன செய்தோம் என்று பதிவில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் போட நான் லோனுக்கு அலைந்த சமயம். "பேங்க்ல கேக்கறாங்க எஸ்தரு, ஒரு கையெழுத்துப் போடணும் வா" என்று அவளை சப்-ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "இன்னா பேப்பருண்ணா இது?" என்று கேட்டாள். "லோன் பேப்பரு" என்றேன். பேப்பர் கன்னடத்தில் இருந்தது. அவளுக்கும் எனக்கும் கடைத்தெருக் கன்னடம் தண்ணீர் மாதிரி வரும், படிக்க மட்டும் தெரியாது. நாங்கள் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எழுதச் சொன்னவனே நான்தான். இந்த வீட்டில் தனக்குள்ள பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம் அது. அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள், வெளியே வந்ததும் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். நான் குடித்தேன்.

பல வருஷம் அந்தப் பத்திரத்துக்கு வேலையே வரவில்லை. உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோதுதான் வந்தது. பின்பக்கத்தை இடித்து உனக்கும் வருகிறவளுக்கும் பாத்ரூமோடு ஒரு ரூம் கட்ட வேண்டும் என்றாய். நான் அத்தையிடம் போய் வேறு இடம் பார்த்துக்கொள் என்றேன். அவள் நம்பவில்லை, பத்திரத்தைக் காட்டினேன். அன்றைக்குத்தான் அவள் வக்கீலைத் தேடிப் போனாள். மூன்று வருஷம் நடந்தது. வாய்தாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே டவுன் பஸ்ஸில்தான் போவோம். கூட்டமாக இருந்தால் அவள் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பாள், இறங்கியதும் அவள் அவளுடைய வக்கீலிடமும் நான் என்னுடைய வக்கீலிடமும் போய்விடுவோம். கூண்டில் ஏறி, தெரிந்தே எழுதிக் கொடுத்தாள் என்று சத்தியம் செய்து சொன்னேன். பதிவான பத்திரம், ஏமாற்றியதற்குச் சாட்சி இல்லை என்று அவள் கேஸ் தள்ளுபடியானது. நீ அன்றைக்கு ஆபீசில் ஸ்வீட் கொடுத்தாயாம்.

அப்பீல் என்று ஒன்று உண்டு. முப்பது நாளைக்குள் போட வேண்டும். அவளுடைய வக்கீல் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கியதில் மேல்கோர்ட் நிச்சயம் சந்தேகப்படும் என்று என் வக்கீலே என்னிடம் சொன்னார். அந்த அப்பீல் சரியான நேரத்தில் போயிருந்தால் நான் தோற்றிருப்பேன். அதை யார் நிறுத்தினார்கள் என்பதுதான் இந்தக் கடிதம்.

தீர்ப்பு வந்த எட்டாம் நாள், மாதத்தின் முதல் ஞாயிறு. சொந்தத்துக்குள் வழக்கு உள்ளவர்கள் சமாதானம் பேசி ஒப்புரவாகாமல், அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகக் கூடாது என்பது நம் சபையில் யாரும் எழுதி வைக்காத சட்டம். மூன்று வருஷமாக ஊரே வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போகும், நான் ஆண்கள் பக்கத்திலும் அவள் பெண்கள் பக்கத்திலும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு ஆராதனைக்கு முன்னால் ஆயர் எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டார். "கோர்ட்டு முடிஞ்சிடுச்சு இல்லீங்களா, இனிமேயாவது அண்ணன் தங்கச்சியா இருங்க" என்றார். எஸ்தர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னாள்: "மேல்கோர்ட்டுக்குப் போறதா இருக்கேங்க ஐயா. பேப்பரெல்லாம் ரெடி. அண்ணன் ஒரு வார்த்த சொன்னா நிறுத்திடறேன்." நான் சொன்னேன். "போக வேணாம் எஸ்தரு. பையன் கல்யாணம் முடியட்டும். பின்னால ரெண்டு ரூமையும் உம் பேருக்கு எழுதிக் குடுத்துடறேன்." பாதி வீட்டுக்கு உரிமை உள்ளவள் இரண்டு அறைக்குத் தலையாட்டினாள். ஆயர் எங்கள் கைகளைச் சேர்த்துப் பிடித்து ஜெபம் பண்ணினார். அன்றைக்கு நாங்கள் ஒரே வரிசையில் முழங்கால் போட்டுத் திருவிருந்து வாங்கினோம். சாயங்காலமே அவள் வக்கீலுக்குப் போன் போட்டு, "வேணாங்க சார், எங்களுக்குள்ள பேசிக்கினோம்" என்று சொல்லிவிட்டாள். திருவிருந்தில் முடிந்த காரியத்துக்கு எழுத்து எதற்கு என்று நினைத்துவிட்டாள். சட்டப் புத்தகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையும் கெடுவில் ஒரு நாள்தான்.

ஒன்று சொல்கிறேன், நம்பினால் நம்பு. கை கொடுத்தபோது நான் நடிக்கவில்லை. அந்த இரண்டு அறையை எழுதிக் கொடுக்கும் எண்ணம் அன்றைக்கு நிஜமாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நான் உன்னிடம் சொன்னேன். நீ கறித்துண்டைக் கடித்துக்கொண்டே, "ஜெயிச்சிட்டு எதுக்கு டாடி குடுக்கணும்? முப்பது நாள் சும்மா இருங்க. அப்புறம் அத்தையால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாய். அந்தக் கறியைச் சமைத்தவள் அவள்தான், ஒப்புரவான சந்தோஷத்தில் பின்பக்கத்திலிருந்து கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நான் உன்னை அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. மறுநாள் வக்கீலிடம் போய், முப்பது நாள் தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். முழுப் பழியையும் உன் தலையில் கட்ட மாட்டேன். நீ திரியைத்தான் கொளுத்தினாய், வெடிமருந்து என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

வக்கீல் விளக்கமாகச் சொன்னார். "தீர்ப்புக் காப்பி வாங்க ஆகற நாள முப்பதுல சேக்க மாட்டாங்க சார், அவ்ளோதான். அதுக்கப்புறம் வந்தா, தாமதத்த மன்னிக்கச் சொல்லி தனியா ஒரு மனுப் போடணும். ஏன் வரலன்னு சரியான காரணம் காட்டணும். காரணம் நின்னா நாலு வருஷம் கூட நிக்கும். காரணம் இல்லன்னா நாலு நாளே நிக்காது." நீ உன் போனில் அந்தக் கடைசித் தேதியைக் குறித்து, அதற்கு மறுநாளைக்கு அலாரமும் வைத்தாய். அது தாண்டிய மறுநாள் காலை, நீ கல்யாணச் சாமான் வாங்க லீவு போட்டிருந்தாய், அத்தை உனக்கு தோசை போட்டுக்கொண்டிருந்தாள், உன் போன் அலறியது. "இன்னாடா அது காலங்காத்தால?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல அத்தை, டாடிக்கு மாத்திரை டைம்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள், மாத்திரையை மறக்காமல் போடண்ணா என்றாள். ஒருத்தியை இரண்டு பேர் சேர்ந்து அவள் கையால் தோசை வாங்கித் தின்றுகொண்டே குழியில் தள்ளினோம், அவளுக்கு அது தெரியக்கூட இல்லை. நம் இரண்டு பேருக்கும் வெட்கம் என்பதே பிறக்கவில்லை போலிருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு அவள் உழைத்ததை நான் சொல்ல வேண்டியதில்லை, வீடியோ இருக்கிறது. பத்து நாள் உட்கார்ந்து அச்சுமுறுக்குச் சுட்டாள். அம்மா இல்லாத குறை தெரியக் கூடாது என்று, உன் அம்மாவின் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு எடுத்துவந்து கோயிலில் முதல் வரிசை நாற்காலியில் வைத்தாள். கல்யாணம் முடிந்ததும் நீ பெண்டாட்டியோடு பெங்களூரிலேயே குடித்தனம் போனாய். ஒரு மாதம் அவள் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் டீ போட்டுக்கொண்டே, "அண்ணா, அந்த ரெண்டு ரூமு விஷயம்..." என்றாள். பார்க்கலாம் என்றேன். அடுத்த மாதம் மறுபடி கேட்டாள். "இன்னா எழுதறது? கோர்ட்டே சொல்லிடுச்சே" என்றேன். நினைத்து நினைத்துத் தயார் பண்ணி வைத்திருந்த வாக்கியம் அது. அவள் அழவில்லை. எனக்காகக் கொதித்துக்கொண்டிருந்த டீயின் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். நேரே வக்கீலிடம்தான் போயிருக்கிறாள். அதற்குள் கெடு தாண்டி நூற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

இப்போது அவள் செய்த தப்புக்கு வருகிறேன். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அவள் போட்ட மனுவில் உண்மையை எழுதவில்லை. மூன்று மாதம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்ததாக எழுதி ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட்டையும் வைத்திருந்தாள். என் வக்கீல் அதைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டினார். "கல்யாண போட்டோ எடுத்துட்டு வாங்க சார், போதும்." உன்னிடம் கேட்டேன். நீ எதற்கு என்று கேட்கவில்லை, பென் டிரைவில் போட்டு அனுப்பினாய். அதோடு நிற்கவில்லை, அத்தை எந்தெந்த நிமிஷத்தில் வருகிறாள் என்று ஒரு காகிதத்தில் குறித்தும் அனுப்பினாய். பானையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, உன் பெண்டாட்டிக்குப் பூ வைப்பது, உன் நண்பர்கள் இழுத்துவிட்டதும் வெட்கத்தோடு இரண்டு அடி ஆடுவது. படுத்த படுக்கையாக இருந்தவள் ஆடுகிறாள் பாருங்கள் என்று அந்தப் படங்களைப் பெரிதாகப் போட்டு ஆட்சேபணையோடு கோர்ட்டில் கொடுத்தோம். உன்னை வளர்த்தவள் உன் கல்யாணத்தில் சந்தோஷமாக இருந்தாள் என்பதுதான் அவளுக்கு எதிராக நாம் காட்டிய சாட்சி.

விசாரணை நாளில் எஸ்தரின் மனுவுக்கு முன்னால் வேறு சில மனுக்கள் வந்தன. பேத்தமங்கலம் பக்கத்துக் கிழவர் ஒருவர், அவருடைய வக்கீல் இறந்துபோனது தெரியாமல் ஒரு வருஷம் காத்திருந்தாராம். ஜட்ஜம்மா ஒரு நிமிஷத்தில் மன்னித்தார். மகள் நிச்சயதார்த்தத்தில் மறந்துவிட்டேன் என்ற ஒருவரை ஒரே மாதத் தாமதத்துக்குத் திருப்பி அனுப்பினார். ஏதோ ஒரு அரசு இலாகாவின் கோப்பு மேஜை மேஜையாகச் சுற்றி வந்ததாம், அவர்களைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டுக் கடைசியில் அனுமதித்தார். மோசமான நீதிபதி இல்லை. எஸ்தரின் முறை வந்ததும் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு வக்கீலை விட்டுவிட்டு நேராக அவளிடமே கன்னடத்தில் கேட்டார்: "பேரே ஏனாதரூ காரண இதியாம்மா?" வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று. எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் எழுந்து, காரணம் நான்தான் என்று சொல்வேனா என்று பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இல்ல மேடம்" என்றாள்.

வராந்தாவில் அவளுடைய வக்கீல் என்னை மறித்துக்கொண்டார். சின்ன வயதுக்காரர், முகம் சிவந்திருந்தது. "இன்னா மனுஷங்க நீங்க? உண்மைய எழுதலாம்மான்னு தலையால அடிச்சுக்கினேன். நீங்க குடுத்த வாக்கு, அந்த ஆயரு, எல்லாத்தையும் எழுதலாம்னேன். ஆயரு மாத்தலாகிப் போனா இன்னா, கூப்பிட்டா வந்து சாட்சி சொல்லுவாரு. ஒத்துக்கல சார். ஆயரு முன்னாடி ஜெபம் பண்ணிப் பேசினத கோர்ட்டு பேப்பர்ல போட்டா அப்புறம் எங்கண்ணன் எந்த மூஞ்சோட திருவிருந்துக்குப் போவாருன்னு கேக்கறாங்க." டவுன் பஸ்ஸில் அன்றைக்கும் ஒன்றாகத்தான் வந்தோம். அவள் எனக்கு இடம் பிடிக்கவில்லை.

பொய்யான காரணம் போதிய காரணம் ஆகாது என்று மனு தள்ளுபடியானது, அதோடு அப்பீலும் போயிற்று. ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்று அந்த வக்கீல் சொல்லிப் பார்த்தாராம், போதுங்க என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாளாம். இரண்டு வாரத்தில் அவள் மாரிகுப்பத்தில் ஒரு லைன் வீட்டு அறைக்குப் போனாள். பாத்திரங்களைத் தானே மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றினாள். நான் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு விஷயத்தை அனுப்பினேன், நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய்.

ஜட்ஜம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கெடு என்று ஒன்று வேண்டும். ஜெயித்தவன் ஒருநாள் நிம்மதியாகப் படுக்க வேண்டாமா, சோம்பேறி எப்போது வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம் என்றால் எந்தத் தீர்ப்பும் தீர்ப்பாக இருக்காது. ஆனால் ஃபேக்டரியில் ஒரு பாகம் அளவு தாண்டி வந்தால் நாங்கள் எடுத்தவுடன் பெயிண்ட் அடிக்க மாட்டோம். ஏன் தாண்டியது, மெஷின் தேய்ந்ததா, ஆள் தூங்கினானா, இல்லை வேறு யாராவது மெஷினில் கை வைத்தார்களா என்று பார்ப்போம். கோர்ட்டில் தாமதமாக வந்தவரைத்தான் குடைகிறார்கள். அந்தத் தாமதத்தால் லாபம் அடைந்தவனை, இவர் வராமலிருக்க நீ என்ன செய்தாய், என்ன சொன்னாய் என்று சத்தியத்தின் பேரில் ஒரு கேள்வி கேட்பதில்லை. என்னைக் கேட்டால், தூங்கியவருக்குக் கதவைச் சாத்தட்டும். எதிராளியின் வார்த்தையை நம்பிக் காத்திருந்தவருக்கு எத்தனை நாள் ஆனாலும் திறக்கட்டும். காரணத்தைத் தப்பாகச் சொன்னாலும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கட்டும். எஸ்தர் மாதிரி, அடுத்தவரைக் காப்பாற்ற உண்மையான காரணத்தை மறைக்கிற ஜனங்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். என்னை அன்றைக்குக் கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா என்று நீ கேட்பாய். சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பொய் சொல்லும் சிரமமாவது எனக்கு இருந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தே ஜெயித்தேன்.

இனி உன் பேப்பர். போன மாதம் வந்தாய், பேரனைக்கூடக் கூட்டி வரவில்லை. ஒரு ஆளைக் கூட்டி வந்து, பிரெண்டு என்றாய். அவன் டேப்பைப் பிடித்து வீட்டை அளந்துகொண்டிருந்தான். போகும்போது ஒரு கன்னடப் பேப்பரை மேஜையில் வைத்தாய். "கரண்ட் பில்லு பேரு மாத்தணும் டாடி. பென்சில்ல மார்க் பண்ண இடத்துல கையெழுத்துப் போடுங்க, போதும்." பக்கத்து வீட்டுக் கன்னட டீச்சரம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். வீட்டை விற்க உனக்கு முழு அதிகாரம் கொடுக்கும் பத்திரமாம் அது. அந்தம்மாவுக்கு என் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. சுரை விதைத்த இடத்தில் சுரைதானே முளைக்கும். கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் மைக்கில், டாடி இருக்கிற வரைக்கும் அந்த வீட்டைத் தொட மாட்டேன் என்றாயே என்று போனில் கேட்டேன். "அது சும்மா ஒரு ஃப்ளோல சொன்னது டாடி. ப்ராக்டிகலா யோசிங்க" என்றாய். எஸ்தருக்கு நான் சொன்ன வாக்கியத்தைவிட உன் வாக்கியம் நன்றாக இருந்தது. படித்தவன் அல்லவா.

நான் கையெழுத்துப் போட்டேன், வேறு பேப்பரில். முழு வீட்டையும் எஸ்தர் பேருக்குத் தானப் பத்திரம் எழுதச் சொல்லி, எழுதியதை எடுத்துக்கொண்டு மாரிகுப்பம் போனேன். அவள் வாசலிலேயே நின்றாள், உள்ளே கூப்பிடவில்லை. இளைத்துவிட்டாள். "இன்னா பேப்பரு?" என்றாள். வீட்டை உனக்கு எழுதுகிறேன் என்றேன். "இப்ப யாரு கல்யாணம் முடியணும்?" என்று கேட்டாள். பேப்பரை நீட்டினேன். பேப்பரை வாங்கி அந்தச் சின்ன வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, மூன்று நாள் கழித்து அவரையும் கூட்டிக்கொண்டுதான் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தாள். ஒவ்வொரு வரியையும் அவர் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, பாதி அவளுடையது. அதைக் கொடுத்ததில் எனக்கு ஒரு புண்ணியமும் கிடையாது. மீதிப் பாதி என்னுடையது. அதை மனம் திரும்பிக் கொடுத்தேன் என்று நினைத்துவிடாதே. உன்மேல் உள்ள ஆத்திரத்தில் கொடுத்தேன்.

இப்போது அவள் முன்பக்கத்தில் இருக்கிறாள், நான் பின்பக்கத்து அறையில். "இருக்கிற வரைக்கும் இரு. எங்கூடப் பேசாத" என்று ஒரே தடவை சொன்னாள். மூன்று வேளையும் தட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறாள். சமையலில் ஒரு குறை கிடையாது. போன முதல் ஞாயிறு புது ஆயர் வந்து, வழக்கெல்லாம் தீர்ந்துவிட்டதாமே, இரண்டு பேரும் திருவிருந்துக்கு வரலாமே என்றார். "கேஸு இல்லீங்க ஐயா. ஒப்புரவும் இல்ல" என்றாள். ஆகவே மறுபடி உட்கார்ந்தே இருக்கிறோம். ஊர் பார்க்கிறது.

நீ பாய்ந்து வருவாய் என்று எனக்குத் தெரியும். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அத்தை மயக்கி எழுதி வாங்கிவிட்டாள் என்று கேஸ் போடுவாய். போடு. நமக்குத் தாத்தா சொத்தில் பிறப்புரிமை கிடையாது, நான் இருக்கும்வரை உனக்கு இதில் பாத்தியதை இல்லை என்று வக்கீல் சொல்கிறார், ஆனால் கோர்ட் வாசல் எல்லோருக்கும் திறந்தது. புத்தி சரியாக இருக்கிறது என்று டாக்டரிடம் போய் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன், இது நிஜமான சர்ட்டிபிகேட். ஒரு பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்பவனுக்கு அது தெரியவந்ததிலிருந்து மூன்று வருஷம் கெடுவாம். எப்போது தெரிந்தது என்பதில்தான் எல்லோரும் விளையாடுவார்களாம், எனக்குச் சொல்லவே இல்லை, இப்போதுதான் கேள்விப்பட்டேன் என்று. அதனால்தான் இதை வாட்ஸ்அப்பில் போடாமல், பத்திரத்தின் நகலையும் சேர்த்து, உன் கையெழுத்து இல்லாமல் போஸ்ட்மேன் கொடுக்க முடியாத தபாலில் அனுப்புகிறேன். நீ இந்த வரிவரைக்கும் படித்துவிட்டாய் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டாய். நீ கையெழுத்துப் போட்ட அட்டை எனக்குத் திரும்பி வந்ததும் எஸ்தரிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்துவிடுவேன். கையெழுத்துப் போட்ட நாள் கெடுவில் சேராதாம். நாளையிலிருந்து எண்ணிக்கொள்.

அப்பா